மச்சான் பெயர் போட்ட தண்ணீர்த் தொட்டி

நான் கட்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பிறகு பேசட்டும்.

மலாக்கா புக்கிட் பாருவில் நான் உட்கார்ந்து இதை எழுதும் வீடு, என் கையால் எழுப்பியது. அஸ்திவாரம் தோண்டும்போது பாறை தட்டியது. கொத்தனார் கடப்பாரையைப் போட்டுவிட்டு வேறு இடம் பாருங்கள் என்றான். அவன் போட்ட கடப்பாரையை எடுத்து அந்தப் பாறையை நானே அடித்து நொறுக்கி, நொறுங்கிய கல்லையே சுவருக்குப் போட்டேன். குருபோங் பக்கம் மணல் ஏற்றிய லாரி ஒன்று பாலத்தில் மோதி முகம் நசுங்கிக் கிடந்தது. பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்கள். நான் அதை வாங்கி, அடித்து, நிமிர்த்தி, என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை ஓட்டினேன். பெண்களைக் கட்டிக் கொடுத்தது அந்த லாரிதான். கிணறு வெட்டினேன், பட்டறை போட்டேன், வெள்ளம் இழுத்துக்கொண்டு போன பட்டறையைத் திரும்பப் போட்டேன். படிப்பா? தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. வாத்தியார் என் முதுகில் பிரம்பை முறித்தார். நான் அவர் நாற்காலிக் காலை முறித்துவிட்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு எழுத்து எனக்குத் தானாக வந்தது, லாரிப் பலகையையும் கடைப் பலகையையும் பார்த்துப் பார்த்து.

ஆனால் நான் செய்ததிலேயே பெரிய வேலை இதெல்லாம் இல்லை. ஒரு பழைய காரின் ரேடியேட்டருக்கு மேலே உட்காரும் தண்ணீர்த் தொட்டி. அதை ஒரே பகலில், வீட்டு வாசலில், தரையில் ஒரு சொட்டு சிந்தாமல் மாற்றினேன். அந்த வேலைதான் என் கணக்கில் இல்லாமல் போய்விட்டது.

பத்து பெரெண்டாமில் என் மச்சானின் பட்டறை இருக்கிறது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். போய்ச் சேர்ந்துவிட்டார். பட்டறைச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. பானட் திறந்த பழைய கார். அதன் மேல் கை வைத்துக்கொண்டு மச்சான். உள்ளே பளபளவென்று பித்தளைத் தொட்டி. தொட்டியில் புள்ளி புள்ளியாக அவர் பெயர். இப்போது அவர் பிள்ளைகள் பட்டறையைப் பெரிதாகக் கட்டி, திறப்பு விழாவுக்கு ஒரு மலர்ப் புத்தகம் போடுகிறார்கள். அந்தப் படத்துக்குக் கீழே, “எங்கள் தந்தை பித்தளைத் தவலையில் தம் கையால் செய்த தொட்டி” என்று அச்சடிக்கப் போகிறார்களாம். என்னிடமும் வந்து, “மாமா, நீங்களும் அப்பாவப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க லா” என்றார்கள். எழுதுகிறேன். இரண்டு பக்கத்தில் நிற்காது.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து முதல் பொங்கல். அதற்கு முந்தின நாள், போகி.

அப்போது நாங்கள் காஜா பெராங்கில் ஒரு செட்டியார் வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். ஊரில் வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார் அல்ல. மலாக்காவிலேயே பல தலைமுறையாக இருக்கும் செட்டி. நெற்றியில் திருநீறு பூசுவார், மாரியம்மனைக் கும்பிடுவார், வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். தமிழ் ஒரு சொல் படிக்கத் தெரியாது. கையில் பூண் போட்ட தடி. அதை நடப்பதற்காக அவர் வைத்திருக்கவில்லை. நாய்க்கு ஒன்று, கோழிக்கு ஒன்று, குடியிருப்பவனுக்கு ஒன்று என்று எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு.

எனக்குக் கல்யாணமாகிப் பெண் குழந்தை ஒன்று, மனைவி வயிற்றில் இன்னொன்று. அந்தப் பின்கட்டு போனால் எங்களுக்குப் போக்கிடம் கிடையாது. தோட்டத்துக்குத் திரும்ப முடியாது. அங்கே கங்காணியின் பல்லை உடைத்துவிட்டுத்தான் டவுனுக்கு வந்தவன் நான். டவுனில் பிள்ளைக்காரனுக்கும் டாக்ஸிக்காரனுக்கும் வீடு கொடுக்க மாட்டார்கள். நான் இரண்டும்.

டாக்ஸி ஓட்டிய அந்தக் கார் எனக்கும் மச்சானுக்கும் பொது. ஓட்டுவது இரண்டு பேரும், பழுது பார்ப்பது நான், குறை சொல்வது அவர்.

போகியன்று செட்டி வீடுகளில் முன்னோருக்குப் படையல் போடுவார்கள். பார்ச்சு என்பார்கள். அதற்காக வீட்டுக்காரர் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, சிமெண்டு வாசலைத் தேய்த்துக் கழுவி, வேலிவரைக்கும் எலும்பு மாதிரி வெளுக்க வைத்திருந்தார். செத்துப்போன பெரியவர்கள் அந்த வாசல் வழியாகத்தான் நடந்து வருவார்கள் என்பது அவர் நம்பிக்கை. அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியவர் அவருடைய அக்கா. குருபோங்கில் இருந்தார், கால் ஊனம். அவரைப் பொழுது சாய்வதற்குள் எங்கள் காரில் கொண்டு வந்து சேர்ப்பதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

அன்று காலை மச்சான்தான் மீன்காரர்களைப் பாசாரில் இறக்கிவிட்டுக் காரைக் கொண்டு வந்தார். வாசலில் நிறுத்தும்போதே காரின் மூக்கிலிருந்து ஆவி.

“கொஞ்சம் சூடு காட்டுது மாப்ள. பாரேன்.”

பானட்டைத் தூக்கினேன். ரேடியேட்டர் மூடியை நான் தொடவில்லை. சூட்டில் மூடியைத் தொடும் மடையன் நானல்ல. தொட்டியின் ஓரம் தானாகப் பிளந்தது. பிளந்தது என்று சொன்னால் போதாது, வெடித்தது. கொதிக்கும் துருத் தண்ணீர், காளியம்மன் நாக்கு மாதிரி சிவப்பாக, என் முன்கையை நக்கிக்கொண்டு போய் வெள்ளைச் சுவரில் அறைந்தது. கையில் தோல், வேகவைத்த மரவள்ளிக் கிழங்குத் தோல் மாதிரி சுருண்டது. நான் கத்துவதற்கு முன்னால் வீட்டுக்காரர் கத்தினார். சுவரில் சிவப்பு, வாசலில் சிவப்பு, காயவைத்த படையல் துணியில் சிவப்பு. ஆட்டை வெட்டிய மாதிரி இருந்தது.

தடி என் கணுக்காலில் இறங்கியது. “ரோசா! ஹபிஸ் ரோசா!” கெட்டது, எல்லாம் கெட்டது என்று அர்த்தம். இரண்டாவது அடிக்குத் தடியை எட்டிப் பிடித்துக்கொண்டேன். அவர் இழுக்க, நான் இழுக்க, இரண்டு மாடு நுகத்தடியில் நிற்கிற மாதிரி நின்றோம்.

அப்போதுதான் அவர் சொன்னார். மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். “பொழுது சாயறதுக்குள்ள என் அக்கா இந்த வாசல்ல வந்து எறங்கணும். சுவரக் கழுவு, சுண்ணாம்பு அடி. அதுக்கப்புறம் இந்தச் சிவப்புத் தண்ணி என் வாசல்ல சத்து தீத்தே, ஒரே ஒரு சொட்டு விழுந்துச்சுன்னா, என் பெரியவங்க உள்ள வர்ற நேரத்துல நீயும் உன் பொண்டாட்டியும் வெளிய போற.”

“துவான், ஐயா, வேற டாக்ஸி ஒண்ணு...”

“வீட்டுல கார் நிக்குது. என் அக்காவ நான் தெருக் கார்ல கூட்டி வரணுமா? வாக்குக் குடுத்தது யாரு?”

தெருவில் வைத்து வேலை பார்க்கலாமே என்று கேட்பீர்கள். வெளியே சந்து. காரை நிறுத்தினால் சைக்கிள்கூட நுழையாது, அன்று பார்த்து வீட்டுக்கு வீடு வாழை இலையும் தட்டும் போய்க்கொண்டிருந்தது. தள்ளினால் வழியெல்லாம் ஒழுகும். வாசலில்தான் செய்ய வேண்டும், சிந்தாமல் செய்ய வேண்டும்.

மனைவி சுவரைக் கழுவினாள். நான் கோழிக் கூண்டின் மேலிருந்த சிங்க் தகரத்தைப் பிடுங்கினேன். அலையை அடித்துத் தட்டையாக்கி, நாலு ஓரத்தையும் மடக்கித் தூக்கி, மூலையில் மரத்தூளும் சாம்பலும் பிசைந்து அப்பி, ஒரு பெரிய தட்டாக்கினேன். கட்டிலளவுத் தட்டு. அதைக் காரின் மூக்குக்கு அடியில் தள்ளி, அதன்மேல் கோணி விரித்தேன். இனிமேல் எது நடந்தாலும் இந்தத் தட்டுக்குள் நடக்கட்டும் என்று மச்சானையும் உள்ளே ஏறி நிற்கச் சொன்னேன்.

அடிக் குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை மண்ணெண்ணெய் டின்னில் பிடித்தேன். பிறகு ரப்பர் குழாய். அதைக் கழற்றும் முன்பே தேங்காய் மட்டையில் அடைப்பான் சீவி வைத்துக்கொண்டேன். குழாய் வாய் விலகியதும் கட்டைவிரலால் அமுக்கி, விரலை எடுத்த இடத்தில் அடைப்பானை வைத்து அறைந்தேன். ஒரு பொட்டு விழவில்லை. இதை எனக்கு எவனும் கற்றுத் தரவில்லை.

டின்னில் எட்டிப் பார்த்தால் துருவோடு நார். நாரோடு ஒரு கொட்டை. விரலால் எடுத்தேன். புளியங்கொட்டை.

“மச்சான், இது என்ன?”

அவர் வானத்தைப் பார்த்தார். “போகியாச்சே மாப்ள. பழச எல்லாம் சுத்தம் பண்றமில்ல. என் தங்கச்சி சொம்பு வெளக்குறப்போ புளிதான போடுறா? எப்படி மின்னுது! இதுவும் பித்தளதான லா. உள்ளயும் மின்னட்டும்னு நேத்தே கரைச்சு ஊத்துனேன்.”

புளி பித்தளையை விளக்கும், சரி. ஆனால் ரேடியேட்டரில் தகட்டோடு தகட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது ஈயப் பற்று. பழைய கார், அந்தப் பற்றையும் தாங்கிக்கொண்டிருந்தது உள்ளே கட்டிய அழுக்குதான். புளித் தண்ணீர் அழுக்கை அறுத்து, பற்றை அரித்து, கொதிக்கக் கொதிக்க ராத்திரியும் காலையும் ஊருக்குள் சுற்றியிருக்கிறது. கார் என்ன ரசப் பானையா?

கையிலிருந்த ரப்பர் குழாயை ஓங்கி அவர் தோளில் போட்டேன். அவர் ஸ்பானரோடு திரும்பினார். என் மூக்கில் விழுந்தது. கழுத்தைப் பிடித்தேன். அவர் என் வெந்த கையைப் பிடித்துத் திருகினார், கண் இருண்டது. தலையால் அவர் நெற்றியில் முட்டினேன். தட்டு கடகடவென்று ஆடியது. மனைவி சுண்ணாம்பு மட்டையோடு ஓடி வந்தாள். ஐயோ விடுங்க என்று கும்பிடுவாள் என்று நினைத்தேன்.

“தட்ட விட்டு எறங்காதீங்க! ரத்தம் கீழ சிந்துது, டின்ன வைங்க டின்ன!”

அடித்துக்கொண்டே இரண்டு பேரும் கீழே பார்த்தோம். என் மூக்கு ரத்தம் தட்டின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. மச்சான் என் சட்டையைப் பிடித்திருந்த கையாலேயே என்னை உள்ளே இழுத்து, மறு கையால் டின்னை என் மூக்குக்கு நேரே பிடித்தார். நான் அவர் கழுத்தை விடவில்லை, ரத்தத்தை டின்னில் விட்டேன். வீட்டுக்காரர் ஜன்னலில் தடியோடு நின்று சொட்டு எண்ணிக்கொண்டிருப்பது தெரிந்தது. அப்படிச் சிந்தாமல் சண்டை போட்டவர்கள் மலாக்காவில் எங்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்.

மூக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டு ரேடியேட்டரைத் தூக்கிக் கோணியில் கிடத்தினேன். மேல் தொட்டியைப் பற்றவைக்கலாம் என்று விரலால் தட்டிப் பார்த்தால் விரல் உள்ளே போனது. தகடு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. டவுனில் தகர வேலை செய்யும் சீனர் கடை பொங்கலுக்கு மூடவில்லை. மச்சான் சைக்கிளில் போய்க் கேட்டுவிட்டு வந்தார். அந்த வயசுக் காருக்குத் தொட்டி கிடையாதாம், செய்யச் சொன்னால் அடுத்த வாரமாம்.

எனக்குத் தேவை நல்ல கனமான பித்தளைத் தகடு. எங்கள் வீட்டில் பித்தளை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என் மனைவியின் சீர்த் தவலை.

நம் ஜனங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சின்னப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பாத்திரம் சீர் கொடுத்தால் கொடுத்தவர் பெயரை அதில் உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திக் கொடுப்பார்கள். இந்தத் தவலையைக் கொடுத்தது மச்சான். வயிற்றில் பெரிய எழுத்தில் அவர் பெயர் இருக்கும். அப்பா இல்லாத பெண்ணுக்கு அண்ணன் மண்வெட்டி பிடித்து வாங்கிக் கொடுத்த தவலை. வெந்நீர் போட அவளிடம் இருந்ததும் அது ஒன்றுதான். பிள்ளை பிறந்தால் முதல் தண்ணீர் அதில்தான் காய்ச்சுவேன் என்று வைத்திருந்தாள்.

நான் தகரக் கத்தரியோடு அடுப்படிக்குள் நுழைந்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. தவலையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கத்தியை எடுத்துக்கொண்டாள்.

“கிட்ட வந்தீங்க, கைய வெட்டுவேன்.”

“தவலைய வெச்சுக்கிட்டு எங்க தூங்குவ? லோங்காங் ஓரத்துலயா?” சந்தின் சாக்கடையைத்தான் சொன்னேன்.

“தூங்குவேன். உங்கப்பன் வீட்டுப் பித்தளையா இது?”

பிடித்து இழுத்தேன். கத்தியின் பிடியால் என் மணிக்கட்டில் குத்தினாள். தவலை கீழே விழுந்து, கோயில் மணி மாதிரி வீடு முழுக்க அதிர்ந்தது. குழந்தை வீறிட்டது. அவள் உட்கார்ந்துவிட்டாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. வெளியே வீட்டுக்காரர் தடியால் தரையைத் தட்டும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

பிறகு அவளே தவலையைக் காலால் என் பக்கம் உருட்டினாள்.

“வெட்டுங்க. ஆனா அண்ணன் பேரு வெளிய தெரியணும். உள்பக்கம் திருப்பி மறைச்சீங்க, அந்தக் கார அம்மிக்கல்லப் போட்டு ஒடைப்பேன். அது குடுத்ததுன்னு பாக்கறவங்களுக்குத் தெரியணும்.”

“கார்ல எவன்டி பேரு பாக்கப் போறான்?”

“சத்தியம் பண்ணுங்க.”

பண்ணினேன். அந்த நேரத்தில் எனக்கு வேண்டியது கூரை. பெயரைப் பற்றி யோசிக்க அன்று நேரமில்லை. என் பெயரை நான் அங்கே, அந்த அடுப்படித் தரையில்தான் விட்டேன்.

வேலையைச் சொல்கிறேன். தவலையின் கழுத்தை அறுத்தேன், அடியை அறுத்தேன், வயிற்றைப் பிளந்து விரித்தேன். உருண்ட தகட்டை மரச்சுத்தியால் கட்டையில் வைத்து அடித்து நேராக்க வேண்டும். பித்தளை அடிக்க அடிக்க முறைத்துக்கொள்ளும், அப்புறம் வெடிக்கும். நெருப்பில் காட்டிச் சமாதானப்படுத்தி மறுபடி அடிக்க வேண்டும். வெந்த கையால் பிடித்து, நல்ல கையால் அடித்தேன். கொப்புளம் உடைந்து சுத்திப் பிடி வழுக்கியது; துணி சுற்றிக்கொண்டு அடித்தேன். பழைய தொட்டியை ஊதுவிளக்கின் தீயில் பிரித்து எடுத்து, அதன் நீர் ஊற்றும் வாயையும் குழாய் மூக்கையும் வெட்டிப் புதிய தொட்டிக்கு வைத்தேன். பிறகு ஓரமெல்லாம் திராவகம் தடவி, ஈயத்தை உருக்கி ஓடவிட்டேன். திராவகப் புகையில் கண் எரிந்து வழிந்தது. ஈயம் தெறித்துக் காலில் விழுந்தது. காலை உதறினால் தட்டுக்கு வெளியே போகும். உதறவில்லை. அது தோலிலேயே ஆறும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது, யாராவது கேட்டால் வேட்டியைத் தூக்கிக் காட்டுவேன்.

மச்சான் என்ன செய்தார்? உண்மையைச் சொல்ல வேண்டும். விளக்கைப் பிடித்தார். “தங்கச்சி தவலைய வெட்டிட்டியேடா பாவி” என்று இடையிடையே திட்டினார். அவர் பெயர் தெரியும் பக்கத்தைச் சாம்பல் போட்டுத் துடைத்தார். புளி போட்டுத் துடைக்க எழுந்தவரைச் சுத்தியைக் காட்டி உட்கார வைத்தேன்.

ரேடியேட்டரைத் திரும்ப மாட்டி, தண்ணீர் ஊற்றும் கட்டம். இதில்தான் பெரிய பெரிய கைகாரன் எல்லாம் மாட்டுவான். நிறைந்துவிட்டது என்று நினைப்பான், உள்ளே காற்று பதுங்கியிருக்கும். இன்ஜினை முடுக்கினால் அந்தக் காற்று குடித்தவன் வாந்தி எடுக்கிற மாதிரி தண்ணீரைக் கக்கும். நான் மூடியைத் திறந்தே வைத்து, வாயைச் சுற்றி ஈரக் கோணியைக் கழுத்துத் துண்டு மாதிரி கட்டினேன். கிண்ணம் கிண்ணமாக ஊற்றினேன். மேல் குழாயைக் கையால் பிசைந்து பிசைந்து காற்றை ஏப்பம் விட வைத்தேன். இன்ஜின் ஓடியது. ஒரு முறை கக்கியது, கோணி குடித்துக்கொண்டது. இன்னொரு முறை கக்கியது, அதையும் குடித்தது. பிறகு அடங்கி, சட்டி மாதிரி சலசலத்தது. நிரப்பி மூடினேன். தட்டைக் காருக்கு அடியிலிருந்து நாலு கையாகத் தூக்கி, கிடத்திய பிணத்தைத் தூக்குகிற மாதிரி ஆடாமல் கொண்டு போய்ச் சாக்கடையில் கவிழ்த்தோம். கவிழ்த்த பிறகுதான் மச்சானும் நானும் மூச்சு விட்டோம்.

குருபோங் போய்த் திரும்பும்வரை என் காது முழுக்கத் தொட்டியிலேயே இருந்தது. வழியெல்லாம் குழி. ஒவ்வொரு குழியிலும் என் ஈயப் பற்று என் பல்லில் வலித்தது. சூடு காட்டும் ஊசி ஆபத்துக் கோட்டைத் தொடவில்லை. அந்த அம்மாள் முன் இருக்கையில் வெற்றிலை மென்றுகொண்டு, அவர் தம்பி சின்ன வயதில் யார் யாரிடம் அடி வாங்கினார் என்று மலாயில் சொல்லிக்கொண்டே வந்தார். அது ஒன்றுதான் அன்று எனக்குக் கிடைத்த நல்ல சேதி.

வாசலில் காரை நிறுத்தும்போது வெளிச்சம் இருந்தது. படையல் வாசனை, நெய்ச் சோறும் மீனும். வீட்டுக்காரர் தடியோடு குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே வந்தார். காரின் அடியில் பார்த்தார். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். என் மனைவி பின்கட்டு வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். மூட்டை முடிச்சைக் கட்டியே வைத்திருந்தாள். அது அப்புறம்தான் எனக்குத் தெரியும்.

தடி நின்றது. கார்க் கதவுக்குப் பக்கத்தில், வெள்ளைச் சிமெண்டில், காசு அகலத்துக்குச் சிவப்பு.

“கெலுவார்!” என்றார். வெளியே போ என்று அர்த்தம். தடி தூக்கியாகிவிட்டது. நான் இந்த முறை தடியைப் பிடிக்கப் போவதில்லை, ஆளையே பிடிக்கப் போகிறேன் என்று கையை மடக்கிவிட்டேன். வெந்த கை, உடைந்த மூக்கு, வெட்டின தவலை, இத்தனைக்கும் பிறகு ஒரு சொட்டா? மச்சானும் என் பக்கத்தில் வந்து ஸ்பானரோடு நின்றார். அதையும் எழுதத்தான் வேண்டும்.

கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கிய அக்கா, இரண்டாவது முறையாக அதே இடத்தில் வெற்றிலைச் சாற்றைப் புளிச்சென்று துப்பினார். நிமிர்ந்து தம்பியின் தடியைப் பார்த்தார். அடுத்து, பளார் என்று தம்பி கன்னத்தில் ஒன்று விட்டார்.

“எனக்கா தடி தூக்குற? அம்மா வந்து பாக்கட்டும், சொல்றேன்!”

அம்மா செத்து வெகு காலமாகியிருந்தது. ஆனால் அன்று வரப் போகிறவர்தானே. வீட்டுக்காரர் தடியைக் கீழே போட்டார். அவர் வீட்டம்மா சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து சிவப்பைக் கழுவினார். என் மனைவி பின்கட்டுக்குள் போய் முடிச்சை அவிழ்த்தாள். நாங்கள் அந்த வீட்டில் இன்னும் பல வருஷம் இருந்தோம். இரண்டாவது பிள்ளை அங்கேதான் பிறந்தது.

படையல் முடிந்த பிறகு வீட்டுக்காரர் கன்னத்தைத் தடவிக்கொண்டு வந்து, பானட்டைத் திறக்கச் சொன்னார். இரவல் வாங்கியது மாதிரி பாதிச் சிரிப்பு இருந்தது முகத்தில். தொட்டி தங்கம் மாதிரி மின்னியது. புள்ளி எழுத்தை விரலால் தடவினார். தமிழ் தெரியாத மனிதர்.

“இது என்ன எழுதியிருக்கு?”

மச்சான் சொன்னார், “நாமா சாயா.” என் பெயர் என்று அர்த்தம். பொய்யில்லை. அவர் பெயர்தான்.

“பாண்டாய்! கெட்டிக்காரன்!” என்று வீட்டுக்காரர் மச்சானின் முதுகில் தட்டி, படையல் இலையிலிருந்து எடுத்த முதல் தட்டை அவர் கையில் கொடுத்தார். செய்தவன்தான் பெயர் வெட்டுவான் என்று அவருக்கு நினைப்பு. கொடுத்தவன் பெயர் வெட்டுவது நம் வழக்கம், அவர்கள் வீட்டில் அது எப்போதோ மறந்துபோயிருக்கும். நான் வாயைத் திறந்தேன். பின்கட்டு வாசலிலிருந்து மனைவி என்னைப் பார்த்தாள். சத்தியம் பண்ணியவன் வாயை மூடினேன். மச்சான் தட்டிலிருந்து மீன் துண்டை எடுத்து என் வாயில் வைத்தார். கடித்தேன். விரலையும் சேர்த்துத்தான் கடித்தேன். கத்தினார்.

அன்றிலிருந்து அது மச்சான் செய்த தொட்டி. காஜா பெராங் முழுக்க அப்படித்தான். வண்டி கொதித்தால், தவலையில் தொட்டி செய்தவரிடம் போ என்பார்கள், அவரிடம் போவார்கள். அவர் என்னிடம் கொண்டு வருவார். அப்படித்தான் அவர் பட்டறை வளர்ந்தது. அவர் நல்லவர், கணக்கில் என்னை ஏமாற்றியதில்லை, என் பிள்ளைகளுக்கு மாமன் சீர் குறையாமல் செய்தார். கடைசிவரை அந்தத் தொட்டியைத் தான் செய்ததாக அவர் வாயால் சொன்னதில்லை. நான் செய்ததாகவும் சொன்னதில்லை. ‘நாமா சாயா’, அவ்வளவுதான்.

இதை எழுதும்போது என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வாசித்துக் காட்டினேன்.

“அண்ணன் செத்துப்போச்சு. இப்ப போயி எதுக்கு? விடுங்களேன்.”

“நான் எழுதுனதுல எதாச்சும் பொய்யா?”

கீரையைக் கீழே வைத்தாள். “பொய்யில்ல. நான் மணிக்கட்டுல குத்துனத மட்டும் கொறச்சு எழுதியிருக்கீங்க. நல்லாத்தான் குத்துனேன்.”

மருமகப் பிள்ளைகளே, கேட்டீர்களா? உங்கள் அத்தையே சாட்சி. பெயரை மறைக்க மாட்டேன் என்றுதான் அன்று சத்தியம் செய்தேன்; மறைக்கவும் இல்லை. அந்தப் படத்தை எடுக்க வேண்டாம், உங்கள் அப்பா பெயரையும் எடுக்க வேண்டாம். அவர் கொடுத்த தவலை, அவர் பெயர் இருக்க வேண்டியதுதான். ஆனால் கீழே போடப் போகும் வரி பொய். தவலை கொடுத்தவர் உங்கள் அப்பா என்று போடுங்கள். கொடுக்க மனசு வைத்தது உங்கள் அத்தை என்று போடுங்கள். அதை அறுத்து, அடித்து, பற்றவைத்து, ஒரு சொட்டு சிந்தாமல் காரில் ஏற்றியவன் நான் என்று, அவர் பெயர் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவு எழுத்தில், என் பெயரைப் போடுங்கள். போடாமல் மலர் அச்சானால் திறப்பு விழாவுக்கு நான் தகரக் கத்தரியோடு வருவேன்.